பெரியப்பாவைத் தெரியும் என்று சொன்ன பெங்காலி அக்கா: உங்களுக்கும் இப்படி யாராவது கிடைத்திருக்கிறார்களா?

குடியாத்தம்காரி

இதை எந்தப் பகுதியில் போடுவது என்று தெரியவில்லை, இடம் தப்பென்றால் நிர்வாகிகள் மாற்றிவிடுங்கள். கேள்வி கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் கொஞ்சம் கதை இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது குடியாத்தம், வாழ்க்கைப்பட்டது வேலூர் சத்துவாச்சாரி. 2022-ல் மாமனாருக்கு இதய அறுவை சிகிச்சை, சி.எம்.சி.யில் பதினோரு நாள் இருந்தோம். உள்ளே ஒரு ஆள் போதும் என்பதால் நானும் வீட்டுக்காரரும் முறை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வெளி மாநிலம் என்று வேலூரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டு எல்லாம் பெங்காலியில் இருக்கும், தள்ளுவண்டிக்காரர்கூட உருளைக்கிழங்கை ஆலு என்றுதான் கூவுவார். இத்தனை வருஷமும் நான் அவர்களை ஒரு கூட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன், பையும் ஃபைலுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற கூட்டம். உண்மையைச் சொல்கிறேன், அதற்கு மேல் யோசித்ததில்லை.

மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டே "முடி?" என்று கேட்டார். நான் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் நீட்டியது பொரி. பெங்காலியில் பொரிக்கு அதுதான் பேர். அப்புறம் என்னைப் பார்த்து "போன், போன்" என்றார். ஊருக்குப் பேச வேண்டும் போலிருக்கிறது என்று என் செல்லை எடுத்துக் கொடுத்தேன். தங்கை என்று அர்த்தமாம். அவருக்கு உடைந்த இந்தி, எனக்கு டிவி சீரியல் இந்தி. சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற லாட்ஜ் பையன் ஒருவன், ஆற்காட்டுக்காரன், பெங்காலியில் வெளுத்துக் கட்டுவான். அவனை நடுவில் நிறுத்தி வைத்துத்தான் எங்கள் பேச்சு நடந்தது.

அவருக்கு ஊர் பானாகர், பர்தமான் பக்கம், ராணுவ டிப்போ இருக்கிற இடம். அப்பா முகாமுக்கு எதிரில் மிட்டாய்க்கடை வைத்திருந்தாராம். இவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு மதராசி ஹவில்தார் தினமும் சாயங்காலம் கடைக்கு வருவார், பெரிய மீசை, இந்திரா காந்தியைச் சுட்ட அன்றைக்கு அவர்கள் கடை ரேடியோ பக்கத்திலேயே ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருந்தார், ரசகுல்லாவைக் கையால் பிழிந்து ஜீராவை வடித்துவிட்டுத்தான் சாப்பிடுவார், அதைப் பார்த்து அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஊர் எது என்று கேட்டால் "பெல்லோர்" என்பாராம். யாருக்காவது பெரிய வியாதி வந்தால் எங்கள் ஊருக்குப் போங்கள் என்று அடிக்கடி சொல்வாராம். முப்பத்தைந்து வருஷம் கழித்து வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டபோது அந்தப் பேரை நினைவு வைத்துக்கொண்டுதான் காட்பாடியில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் பெரியப்பா பட்டாளத்துக்காரர், ஆர்டினன்ஸ், அதாவது தளவாடப் பிரிவு, மீசை இந்தப் பக்கம் முப்பது கிராமத்தில் பிரசித்தம். பானாகர் என்ற பேரைச் சின்ன வயதில் ஆயிரம் தடவை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். ரசகுல்லாவையும் குலாப்ஜாமூனையும் பிழிந்துவிட்டுச் சாப்பிடுவார், சர்க்கரை வியாதியெல்லாம் இல்லை, அப்படி ஒரு பழக்கம். அவர் 2014-ல் தவறிவிட்டார், போட்டோவைக் காட்டினேன், "இவர்தான்" என்று அந்த அம்மா அழுதார், நானும் அழுதேன், லாட்ஜ் பையன் சாப்பாட்டுக் கூடையோடு முழித்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கு வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒரு நூறு வார்த்தை இருக்கும், அதை வைத்துக்கொண்டு மருமகள், மாத்திரை, மழை எல்லாம் பேசிவிடுவோம். குளிர்காலத்தில் அவர் ஈச்ச வெல்லம் அனுப்புவார், நொலேன் குர் என்று பேர், அதில் ஒரு புகை வாசனை இருக்கும், பாயசத்துக்குப் போட்டால் எங்கள் தெருவே கேட்கும். நான் அவர் வீட்டுக்காரருக்குக் குடியாத்தம் கைலி அனுப்புவேன். வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வரும்போது லாட்ஜில் தங்க விடுவதில்லை.

இப்போது கேள்வி. இதைத் தற்செயல் என்கிறார் என் வீட்டுக்காரர். உலகத்தில் யாருக்கும் யாருக்கும் நடுவில் ஆறு பேர்தான், இதில் என்ன ஆச்சரியம் என்கிறான் காலேஜ் படிக்கிற மகன். எனக்கு இரண்டு பதிலுமே பிடிக்கவில்லை. உங்களுக்கு இப்படி, எங்கேயோ போகிற நூலைப் பிடித்துக்கொண்டு யாராவது சிநேகிதமாகியிருக்கிறார்களா?

ஏலகிரி வண்டி

அக்கா, பதினாலு வருஷ சீசன் டிக்கெட்காரன் நான். காட்பாடியில் ஏறி சென்னை, சாயங்காலம் திரும்ப, போகவர 260 கிலோமீட்டர். ரயில் சிநேகிதம் பற்றி நாள் முழுக்க எழுதலாம், ஒன்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பெட்டியில் ஆம்பூரில் ஏறுகிற ஒருவர், ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர், யாரோடும் பேசமாட்டார். சீட்டுக் கச்சேரிக்குக் கூப்பிட்டால் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திமிர் பிடித்த ஆள் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். ஒரு நாள் சோளிங்கர் தாண்டி வண்டி குலுங்கியதில் அவருடைய டிபன் பாக்ஸ் மூடி உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுக்கும்போது பார்க்கிறேன், மூடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது. என் தாத்தா பேர். இனிஷியலோடு. கீழே ஒடுகத்தூர், 9-6-86.

என்ன விஷயம் என்றால், தாத்தா ஒடுகத்தூர் பக்கம் ஆரம்பப் பள்ளி வாத்தியார். தன்னிடம் படித்த பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்றால் கட்டாயம் ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிப் பேர் வெட்டிக் கொடுத்துவிடுவார், பாட்டி திட்டத் திட்டக் கொடுப்பார். இந்த மனிதரின் அம்மா அவரிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர். அன்றைக்கு வண்டியிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "வாத்தியார் இன்னும் மூக்குப்பொடி போடறாரா?" தாத்தா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போட்டுக்கொண்டுதான் இருந்தார் கடைசி வரைக்கும் என்று சொன்னேன்.

இப்போதும் அந்த ஆள் பேசமாட்டார். ஆனால் ஆம்பூரில் ஏறியதும் எனக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறார். சீசன்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். இப்போதெல்லாம் மொய்யைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம், ரூபாய் நோட்டு யார் வீட்டிலிருந்து வந்தது என்று நாற்பது வருஷம் கழித்து யார் கண்டுபிடிப்பார்கள்?

கணக்குப்பிள்ளை

நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகன் சொல்கிற ஆறு பேர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது அவ்வளவு மந்திரமாக இருக்காது. அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1960-களில் ஒரு சோதனை செய்தார். பாஸ்டனில் வேலை பார்க்கிற, ஷேரன் என்ற சின்ன ஊரில் வீடு இருக்கிற ஒரு பங்குத் தரகரிடம் ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும், ஆனால் நேரே தபாலில் போடக் கூடாது, தனக்கு நேரில் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து, அவர் தனக்குத் தெரிந்தவரிடம் கொடுத்து, இப்படியே போக வேண்டும். ஆரம்பித்தவர்கள் 296 பேர். சேர்ந்த கடிதம் 64. அந்த 64-க்குத்தான் நடுவில் சராசரியாக ஐந்து பேர், அதாவது ஆறு கைமாற்றம். மிச்சம் 232 வழியிலேயே காணாமல் போனது, அதைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அதே மாதிரிதான் நாமும். ஆஸ்பத்திரி பெஞ்சில் பதினோரு நாளில் எத்தனை பேரோடு பேசியிருப்பீர்கள் அம்மா? ஒரு சம்பந்தமும் கிளம்பாத நாற்பது பேரை மறந்துவிட்டீர்கள், கிளம்பிய ஒருவர் மனதில் நிற்கிறார்.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது வேறு. வந்து சேர்ந்த 64-ல் 16 கடிதம் கடைசியாக ஒரே ஆள் கையிலிருந்து போயிருக்கிறது. அவர் அந்த ஊரில் துணி வியாபாரம் செய்தவர். பெரிய மனிதரெல்லாம் இல்லை, எல்லோரும் வந்து போகிற இடத்தில் கடை வைத்திருந்தவர், அவ்வளவுதான். உங்கள் கதையில் அந்தத் துணிக்கடை எது என்று யோசித்தேன், ஆஸ்பத்திரிதான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த இடம், இன்றைக்குப் பாதி இந்தியா அதன் வாசலில் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட வாசலில் நின்றுகொண்டு உலகம் சின்னது என்று ஆச்சரியப்படுவது சந்தையில் நின்றுகொண்டு எவ்வளவு கூட்டம் என்று ஆச்சரியப்படுகிற மாதிரி.

இன்னொன்று, சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேலூர் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் எது? லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லைப் படித்துப் பாருங்கள், முதல் உலகப் போருக்கே இங்கிருந்து 277 பேர் போயிருக்கிறார்கள். பானாகர் பெரிய டிப்போ. மீசை வைத்த வேலூர் ஹவில்தார் என்றால் அங்கே வரிசையில் நிற்க வைக்கலாம். ரசகுல்லாவைப் பிழிவது தமிழ்நாட்டில் பாதிப் பேர் செய்கிற காரியம், நானே செய்வேன். போட்டோவைப் பார்த்து அடையாளம் சொன்னது, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற மனநிலையில், 38 வருஷம் கழித்து. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம்.

கோட்டை அகழி

உலகம் சின்னதோ பெரியதோ, வேலூர் ரொம்பச் சின்னது. காலேஜ் முதல் வருஷம் கோட்டை அகழி ஓரம் வாழ்க்கையில் முதல் சிகரெட்டைப் பற்ற வைத்தேன். அது அணைந்து, நான் பஸ் பிடித்து, தொரப்பாடி வந்து சேர்வதற்குள் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சொன்னவர் இளநீர் வண்டிக்காரர், அத்தையோடு கூடப் பிறக்காத தம்பியாம். இந்தச் சின்ன உலகத்தால் எனக்கு நண்பர் யாரும் கிடைக்கவில்லை, அடி கிடைத்தது.

எருது நேரம்

எல்லோரும் இனிப்பாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பு.

நம்மிடம் இந்தச் சம்பந்தம் தேடுகிற பேச்சு எப்படி ஆரம்பிக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? "தம்பி எந்த ஊரு?" வாணியம்பாடி பக்கம். "பக்கம்னா எது?" ஊர் பேர் சொல்வேன். "அங்க எந்தத் தெரு?" இந்த மூன்றாவது கேள்வி வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இவர் பொதுவாகத் தெரிந்த ஆளைத் தேடவில்லை, என்னை எங்கே உட்கார வைப்பது என்று தேடுகிறார். தெருவைச் சொன்னதும் சிலர் முகம் மலரும், சிலர் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார்கள். மலர்ந்தாலும் எனக்கு ஒட்டாது, அதுவும் அதே கணக்கில் மலர்ந்ததுதானே. அதனால் நான் ரயிலில் யாராவது ஊர் கேட்டால் 'வட ஆற்காடு' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அந்த ஜில்லாவே 1989-ல் இரண்டாகி, 2019-ல் மறுபடி உடைந்து, இப்போது கிடையாது என்பது வேறு விஷயம், மேலே கேட்க முடியாமல் முழிப்பார்கள்.

ஆனால் தெரு கேட்காத சங்கிலி ஒன்றையும் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லாவிட்டால் பாவம். 2018-ல் அம்மாவுக்கு ஏ நெகடிவ் ரத்தம் தேவைப்பட்டது. நான் போட்ட மெசேஜ் எனக்குத் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர், அவர் மச்சான், மச்சானின் முதலாளி, முதலாளி வீட்டு டிரைவர் என்று போய், ராத்திரி பதினோரு மணிக்கு மேல்விஷாரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். தோல் ஷாப்பில் வேலை. "வர்றேன், ஆனா வண்டி பஞ்சர், வழில நிக்கிறேன்." நான் போய் அவர் வண்டியைத் தள்ளி, அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போது அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "உங்க ஊர்ல எருது விடறாங்களே, போன வருஷம் முதல் பரிசு எத்தனை செகண்டு?"

ஆள் எருது விடும் விழாப் பைத்தியம். மாடு ஓடுகிற தூரம், எடுத்த நேரம், எந்த ஊர் மாடு, யார் கொண்டுவந்தது எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அதுவரை மாடு என்றால் பால், சாணி, அவ்வளவுதான். அன்றையிலிருந்து பொங்கல் முடிந்து மார்ச் வரைக்கும் எந்த ஊரில் விட்டாலும் நாங்கள் இருவரும் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் ஸ்டாப் வாட்ச்சோடு நிற்போம். நேரம் சொல்வதில் ஒலிபெருக்கிக்காரர் தப்பு செய்தால் இவர் சண்டைக்குப் போய்விடுவார், இழுத்துக்கொண்டு வருவது என் வேலை. ஏழு வருஷமாகப் பழகுகிறேன், என் தெரு எது என்று அவருக்கு இன்னும் தெரியாது. எங்கள் ஊர் மாடுகளின் பேர் எல்லாம் தெரியும்.

கணக்குப்பிள்ளை சொன்னதற்கு ஒன்று. ஜெராக்ஸ் கடையும் மச்சானும் ரத்தம் கொண்டுவந்தார்கள், சரி. அவர்கள் யாரும் எங்களை நண்பர்கள் ஆக்கவில்லை. ஆக்கியது பஞ்சர்.

குடியாத்தம்காரி

எல்லோருக்கும் நன்றி. மூக்குப்பொடி வாத்தியார் கதையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எருது நேரம் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானே எத்தனை பேரிடம் எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன், அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் போன வாரம் குடியாத்தம் போயிருந்தபோது பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். பென்ஷன் விஷயமாக ஏதோ பார்க்க வேண்டும் என்று பொய் சொன்னேன். அதில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. பானாகர், 1977 முதல் 1980 வரை. அதற்கப்புறம் ஜபல்பூர். 1984 அக்டோபரில் இந்திரா காந்தியைச் சுட்டபோது பெரியப்பா ஜபல்பூரில் இருக்கிறார்.

புத்தகத்தை மூடி, மறுபடி திறந்து, மறுபடி பார்த்தேன். அதேதான்.

பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்த அக்கா அனுப்பிய சால்வையைப் போர்த்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, "பென்ஷனுக்கு ஒண்ணும் சிக்கல் இல்லியே?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த மூன்று வருஷமாகப் பெரியம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதே கல்கத்தா பக்கம் ஒரு பெண் அவரை இன்னும் மறக்கவில்லை என்பதைத்தான். கல்கத்தா இல்லை பானாகர் என்று எத்தனை தடவை சொன்னாலும் கல்கத்தாதான். அந்த அக்காவும் ஞாயிற்றுக்கிழமை முதலில் கேட்பது பெரியம்மா சாப்பிட்டாரா என்றுதான், அப்புறம்தான் என்னைப் பற்றி.

தை மாதம் செக்கப்புக்கு வருகிறார்கள், டிக்கெட் போட்டாகிவிட்டது. சொல்லவா, விட்டுவிடவா? வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மன்னியுங்கள் அம்மா. சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி.

ஏலகிரி வண்டி

நான் எதிர்க் கட்சி. அந்த அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், பெரியம்மாவிடம் வேண்டாம். பொரியைப் பகிர்ந்துகொண்டவருக்கு இதைத் தாங்கத் தெரியும். ஒருவேளை அவருக்கே ஆரம்பத்திலிருந்து சந்தேகம் இருந்திருக்கலாம், யார் கண்டது.

கம்மவான்பேட்டை

இவ்வளவு நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காகவே இன்றைக்குக் கணக்கு திறந்தேன். எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்திருக்கும், வீட்டுக்கு வீடு பட்டாளம். என் அப்பாவும் ஆர்டினன்ஸ்தான், ஆனால் பானாகர் பார்த்ததில்லை. 80-களில் அங்கே இருந்தவர்கள் என்று ஊரில் மூன்று பேரைச் சொல்கிறார் அப்பா. ஒருவர் இப்போது இல்லை, ஒருவர் மகனோடு ஓசூரில் இருக்கிறார், ஒருவர் சாயங்காலம் ஆனால் பிள்ளையார் கோயில் மேடையில் உட்கார்ந்திருப்பார், மீசை இன்னும் இருக்கிறது, வெள்ளையாகிவிட்டது. முகாமுக்கு எதிரில் மிட்டாய்க்கடை, ரேடியோ, 1984 என்று கேட்டுப் பார்க்கட்டுமா அக்கா?

குடியாத்தம்காரி

கேளுங்கள் தம்பி. இல்லை, இருங்கள். கேட்டு வையுங்கள், ஆனால் அவரிடம் எதற்கென்று சொல்லாதீர்கள். அவர்தான் என்று தெரிந்தாலும் இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். அதுவும் பொங்கல் கழிந்து அனுப்பினால் போதும். ரசகுல்லாவை எப்படிச் சாப்பிடுவார் என்று மட்டும் முடிந்தால் பேச்சுவாக்கில் விசாரித்துவிடுங்கள்.